சூசையப்பர் வழியாகப் பிரிண்ட் எடுத்தல்

என்னைப் பற்றிய ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஜ்ஜி மடித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிக்கிறவன் என்று எனக்கு உறவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைப் பரப்பியதில் என் பங்கும் கணிசமானது. ஆனால் கணினித் திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் எழுந்து, நாலு வரி ஏதோ சொல்லி, அடியில் 'ஓகே' என்று ஒரு பொத்தானையும் வைத்தால், அந்த நாலு வரியை மட்டும் நான் படித்ததே இல்லை. ஓகேயை மட்டும் படிப்பேன். கல்யாணப் பந்தியில் தூரத்து உறவினர் ஒருவர் இரைச்சலுக்கு நடுவே என்னவோ கேட்க, அது காதில் விழாமலேயே "ஆமாமா, எல்லாரும் சௌக்கியம்" என்று தலையாட்டுவோமே, அந்த ரகம். இந்தப் பழக்கத்தால் என் தங்கையின் கடைக்கு ஷட்டர் இறங்கியிருக்கும். அதில் முக்கால்வாசி தூரத்தை நான் இறக்கியும் விட்டேன்.

கடை திண்டிவனத்தில் இருந்தது. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரம். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அட்டை, தேர்த்திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கடிதம் என்று பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவில் அச்சாக வேண்டியதெல்லாம் அங்கே டைப் செய்து கொடுப்பார்கள். அதற்கு முன்னால் தங்கை கன்னியர் நடத்தும் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தாள். அதை விட்டுவிட்டு வந்ததை அவள் மாமியார் மன்னிக்கவில்லை. கடையோ மாமியார் வீட்டின் முன்னறை. தெருவைப் பார்த்து ஷட்டர் போட்டது அந்த அம்மாள்தான். அந்த அறையை ஒரு உரக்கடைக்காரர் வாடகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமியார் ஒரு கெடு வைத்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள கடை நிக்கலன்னா உரக்கடைக்காரனுக்கு வுட்ருவேன். நீ போயி சிஸ்டருங்க கால்ல வுழுந்து பழைய வேலையக் கேளு."

தங்கை எப்போதும் வேலையால் பதில் சொல்கிற ஜாதி. மயிலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் விரிவுரையாளரைப் பிடித்து, கடைசி வருட மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மொத்தத்தையும் தன் கடைக்கே திருப்பிவிட்டாள். டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, பைண்டிங் போட்டு, ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிறுக்கு அடுத்த புதன்கிழமை கல்லூரியில் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் வருடா வருடம் அந்த வேலை அவளுக்கு. தவறினால் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய்விடும், முன்னறை உரமூட்டைக்குப் போய்விடும்.

அவளிடம் மூன்று கணினிகள். முதலாவது பழசு, விண்டோஸ் தொண்ணூற்றெட்டில் ஓடுவது. தமிழ் மென்பொருளும் லேசர் பிரிண்டரும் அதில்தான். இரண்டாவது புதுசு, எக்ஸ்பி. அதில் அமர்ந்து டைப் செய்த பெண் மயிலத்துக்கு அந்தப் பக்கக் கிராமம், விவசாயக் குடும்பம், வாய் கொஞ்சம் நீளம். மூன்றாவதை நான் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தேன். அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச மென்பொருளைப் போட்டிருந்தேன். திருட்டு மென்பொருள் பாவம் என்று ஒரு கட்டுரையில் படித்துத் திருந்தியிருந்த காலம் அது. திருந்திய மனிதனைப் போல அடுத்தவரைத் தொல்லைப்படுத்தும் பிராணி கிடையாது.

பிரிண்டர் முதல் கணினியில் மட்டும் என்பதால், மற்ற இரண்டிலும் டைப் செய்ததை ஃப்ளாப்பியில் ஏற்றி, எழுந்து நடந்து, முதல் கணினிக்காரரை "கொஞ்சம் எந்திரிங்க" என்று எழுப்பி, பிரிண்ட் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். நாள் முழுக்கக் கடையில் இதே நடமாட்டம். ஃப்ளாப்பியோ நினைத்தால் திறக்கும், நினைத்தால் திறக்காது.

நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். அங்கே கணினி வந்தபோது பயிற்சிக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். காரணம், அன்றைக்கு மற்றவர்கள் விடுப்பு. அன்றிலிருந்து அண்ணனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது எங்கள் வீட்டில் விசுவாசப் பிரமாணத்தில் ஒரு வரியாகச் சேர்ந்துவிட்டது. நானும் அதை மறுக்கவில்லை. நெட்வொர்க் பற்றித் தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தை வாங்கி முன்னுரை வரை படித்திருந்தேன்.

"இந்த நடையே வேணாம்," என்றேன் தங்கையிடம். "மூணு பொட்டியையும் ஒயருல கட்டிடறேன். பழைய பொட்டி பிரிண்டர் சர்வரா இருக்கட்டும். எங்க உக்காந்து பிரிண்ட் குடுத்தாலும் அது வாங்கி அடிச்சிக் குடுக்கும்."

"ஆவுமாண்ணா? ஜல்தியா முடியுமா? சீசன் நேரம்."

"ஒரு மத்தியானம்."

அந்த மத்தியானம் நாற்பது நாள் தவக்காலத்தின் பிற்பாதி முழுவதையும் விழுங்கியது.

முதலில் ஒயர். அதன் வயிற்றுக்குள் எட்டு நிறக் கம்பிகள். அவற்றைக் குறிப்பிட்ட வரிசையில் நிறுத்தி, கண்ணாடி போன்ற ஒரு மூக்கில் செருகி, இடுக்கியால் கடிக்க வேண்டும். வரிசை பிசகினால் வெட்டிவிட்டு மறுபடி. எனக்கு ஆரஞ்சு சரியாக வந்தால் பச்சை பிசகும், பச்சை வந்தால் நீலம் உள்ளேயே போகாது.

"வளையக்காரராட்டம் கலர் கலரா பிரிச்சிக்கினு உக்காந்துட்டீங்களே சார்," என்றாள் டைப் செய்யும் பெண். "எனக்கு அந்தப் பச்சையில ரெண்டு குடுங்க."

வெட்டி வெட்டி ஒயர் குட்டையானது. ஒயர் எட்டாததால் மேசையை நகர்த்தினேன். மறுபடி வெட்டினேன், மறுபடி நகர்த்தினேன். கடைசியில் மூன்று மேசைகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அறையின் நடுவுக்கு வந்து சேர்ந்தன. வாடிக்கையாளர் பெஞ்சு தெருவுக்குப் போனது. ரிப்போர்ட் கொடுக்க வந்த மாணவர்கள் வெயிலில் உட்கார்ந்து, உள்ளே நான் தவழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாமியார் தினமும் பகல் பதினொரு மணிக்கு மருமகளுக்கு மோர் கொண்டுவருவார். மோர் ஒரு சாக்கு. உளவு முக்கியம். மின்விசிறிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மேசைக்கு அடியில் தெரியும் என் காலைப் பார்த்துப் பேசுவார்.

"இன்னா தம்பி, ஒயரு நட்டாச்சா?"

"நட்டாச்சுங்க."

"மொளைக்கவே இல்லியே."

அடுத்து பூட்டு. அந்தக் காலத்துத் தமிழ் மென்பொருளுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு பூட்டு கொடுப்பார்கள். கணினியின் முதுகில் பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் அதைச் செருகி, அதன் முதுகில் பிரிண்டரைச் செருக வேண்டும். அது அங்கே இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். எனக்கு இது தெரியாது. பிரிண்டருக்கும் கணினிக்கும் நடுவில் தேவையில்லாத ஒரு சாமான் இடைத்தரகரைப் போல நிற்கிறதே என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இடைத்தரகர்கள் மீது எனக்குக் கொள்கை ரீதியான வெறுப்பு உண்டு. கணினியைப் போட்டதும் ஒரு கட்டம் வந்தது. ஓகே சொன்னேன். அதன் பிறகு தமிழ் திறக்கவில்லை.

அப்போது அனந்தபுரத்திலிருந்து ஒரு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி மகளின் கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்க வந்து காத்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் தங்கை எதையெதையோ தட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா ஆச்சு?"

"தமிழ் வர மாட்டேங்குதுங்க. காணாமப் போயிடுச்சு."

"எழுத்து ஓடிப்போனா பரவால்லம்மா," என்றார் அவர். "பொண்ணு ஊட்லதான் இருக்குது. நீ பொறுமையா தேடு."

தேடிக் கிடைத்த இடம் என் சட்டைப்பை. தங்கை அதை வாங்கிச் செருகினாள். என்னைத் திட்டவில்லை. மோர் வேண்டுமா என்று கேட்டாள். திட்டியிருக்கலாம்.

ஒயர்கள் ஒருவழியாக உயிர் பெற்றன. மூன்று ஒயரும் வந்து சேர நடுவில் வைத்த சின்னப் பெட்டியில் பச்சை விளக்குகள் மினுக்கின. அத்துடன் வேலை முடிந்தது என்று கை கழுவிக்கொண்டு, எக்ஸ்பியில் அமர்ந்து, அண்டை அயலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் இடத்தைத் திறந்தேன். ஒரே ஒரு கணினி தெரிந்தது. அதன் பெயர் 'இயேசு மரி சூசை' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் காகிதத்தின் தலையில் இயேசு, அவர் தாய் மரி, வளர்ப்புத் தந்தை சூசை என்ற அந்தப் பெயர்களை எழுதாமல் எதையும் தொடங்க மாட்டோம் என்பதால், அது கடையின் பெயர் போலும், இந்த நெட்வொர்க்குக்கே பொதுவான தலைப்புப் போலும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போனேன். அதே எக்ஸ்பியின் சொந்தக் கோப்புகள் வந்து நின்றன. பிரிண்டர் இல்லை. பழைய கணினிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் ஒரே இயேசு மரி சூசை. திறந்தால் அதற்குள் அதுவே. அயலாரைத் தேடிப் போனவன் தன்னையே கண்டுகொள்வது சித்தர் மரபில் பெரிய விஷயம். பிரிண்ட் எடுப்பதற்கு உதவாது.

கணினியை அணைத்துப் போட்டேன். ஒரு கட்டம் வந்தது. ஓகே. ஒயரை மாற்றினேன். கட்டம் வந்தது. ஓகே. எக்ஸ்பியை அழித்து மறுபடி நிறுவினேன். நிறுவும்போது அது கேட்ட கேள்விகளுக்கு அந்தப் பெண் பதில் அடித்தாள், நான் பக்கத்தில் நின்று புத்தகத்தைப் புரட்டினேன். மறுபடி கட்டம், மறுபடி ஓகே. அலுவலகத்தில் ஈட்டிய விடுப்பு கரைந்துகொண்டிருந்தது. காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது ஒவ்வொரு நாளும் ஒரு புது யோசனை இருக்கும். கூட்டேரிப்பட்டு வரும்போது அது அருமையாகத் தெரியும். திண்டிவனத்தில் இறங்கி மேசைக்கு அடியில் நுழைந்ததும் செத்துவிடும்.

தெரு பெஞ்சில் மாணவர் கூட்டம் பெருகிற்று. "ண்ணா, இன்னிக்காச்சும் வருமாண்ணா?" என்று ஒருவன் தினமும் கேட்டான். அவன் குரலில் மரியாதை இருந்தது. அதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. தங்கை அவர்களுடைய ரிப்போர்ட்டுகளை இன்னமும் ஃப்ளாப்பியில்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள், அதுவும் நான் கணினியை அணைக்காத இடைவெளிகளில்.

விடிவு வந்தது அறிவால் அல்ல, அழுக்கால். லினக்ஸ் பெட்டியின் கீபோர்டு மக்கர் செய்ததால் எக்ஸ்பியின் கீபோர்டைப் பிடுங்கி அதற்குக் கொடுத்திருந்தேன். எக்ஸ்பிக்கு மவுஸ் மட்டும் மிச்சம். அந்த மவுஸின் வயிற்று உருண்டையில் தூசி அடைத்து அம்பு அசையவில்லை. கணினி எழுந்தது. வழக்கமான கட்டம் வந்தது. ஓகே சொல்ல என்னிடம் ஒரு வழியும் இல்லை. டைப் செய்யும் பெண் மவுஸைக் கவிழ்த்து, ஹேர்பின்னால் அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல், வேறு படிக்க எதுவும் இல்லாமல், அந்தக் கட்டத்தைப் படித்தேன்.

இந்த நெட்வொர்க்கில் இதே பெயரில் இன்னொரு கணினி இருக்கிறது என்று அது சொன்னது. அத்தனை நாளும், ஒவ்வொரு முறையும், பொறுமையாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"ஏம்மா," என்றேன் தங்கையிடம். "உன் பொட்டிக்கு நீ இன்னா பேரு வெச்ச?"

"பேரா? மொதமொத போட்டப்ப கேட்டுச்சு. இயேசு மரி சூசைன்னு அடிச்சேன். எத ஆரம்பிச்சாலும் அதான?"

பெண்ணைப் பார்த்தேன். "நீ?"

"நானும் அத்தத்தான் சார் அடிச்சேன்."

"நீ எதுக்கு அத அடிச்ச?"

"இன்னா சார் கேக்கறீங்க? வேலைக்குச் சேந்த அன்னிக்கே அக்கா சொல்லிட்டாங்க, இந்தக் கடையில எது ஆரம்பிச்சாலும் மேல அத்தப் போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு. எங்கூட்டுப் பொட்டியா இருந்தா முருகான்னு போட்டுக்கினு போயிருப்பேன். நீங்க அழிச்சிட்டுத் திரும்பப் போட்டப்பகூட மறக்காம அடிச்சேனே, நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

மூன்றாவது பெட்டிக்குப் பெயர் வைத்தவன் நான். எழுந்து போய்ப் பார்த்தேன். பார்க்காமலேயே தெரியும். பள்ளிக்கூடத்தில் விடைத்தாளின் தலையில் அதை எழுதாமல் நான் எந்தத் தேர்விலும் தோற்றதில்லை. எழுதிவிட்டுத்தான் தோற்பேன். விரல் தானாக அடித்திருந்தது.

ஆக, கடையில் மூன்று இயேசு மரி சூசைகள். ஒருவரையொருவர் அழைத்தால் மூவரும் திரும்பிப் பார்ப்பார்கள், அல்லது ஒருவருமே பார்க்க மாட்டார்கள்.

பெயரைப் பிரித்துவிடலாம் என்று முடிவானது. ஆளுக்கொன்று. ஆனால் யாருக்கு எது? பழைய பெட்டிதான் தலைமை, அதனால் அதற்கு இயேசு என்றேன். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை.

"அது சர்வர்னு சொன்னியே. எல்லார் வேலையையும் வாங்கிச் செய்யணும், வாயத் தொறக்கக் கூடாது, அப்டித்தான?"

"ஆமா."

"அப்ப அது சூசையப்பர்ணா."

மறுக்க முடியவில்லை. சுவிசேஷம் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வேலை பார்த்தவர் அவர்தான். பழைய பெட்டி சூசை ஆனது. "அப்ப எனுக்கு மாதா," என்று அந்தப் பெண் எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டாள். "மயிலத்துல கேட்டா வேப்பிலைக்காரி மாரின்னு சொல்லிக்கிறேன்." லினக்ஸுக்கு மிச்சம் இருந்த பெயர் இயேசு. இலவசமாகக் கிடைப்பது, பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளாதது என்ற முறையில் எனக்கும் அது பொருத்தமாகவே பட்டது.

பெயர் மாறியதும், அந்தப் பெண் எக்ஸ்பியில் அமர்ந்து பிரிண்ட் கொடுத்தாள். அறையின் அந்தப் பக்கத்தில் பிரிண்டர் ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு தாளை இழுத்து, 'கன்க்ளூஷன்' என்று ஆங்கிலத்தில் தொடங்கும் ஒரு பக்கத்தைக் கக்கியது. பெஞ்சில் இருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். தினமும் கேட்டவன்கூட "வந்துருச்சுண்ணா!" என்றான். தங்கை அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, ஆனால் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அது குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை.

"போதும்ணா," என்றாள். "ரெண்டு பொட்டி போதும். மூணாவதுல டைப் பண்றத ஃப்ளாப்பியில எடுத்துக்கறோம். நீ ஊருக்குப் போயி ஆபீஸப் பாரு."

இங்கே நான் புறப்பட்டிருக்க வேண்டும். இந்தக் கதையும் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் வெற்றி பெற்ற எழுத்தரைப் போல ஆபத்தானவர் இல்லை. இரண்டு பெட்டி பேசுகிறது, மூன்றாவது ஊமையாக நிற்கிறதே என்று நெஞ்சு அரித்தது. திங்கட்கிழமையும் வந்து நின்றேன்.

லினக்ஸில் பிரிண்டரைச் சேர்க்கும்போது அது எந்த வகைப் பிரிண்டர் என்று கேட்டது. பட்டியல் நீளமாக இருந்தது. எங்களுடையது அதில் எங்கேயோ இருந்திருக்கும். நான் பொதுவானதாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு கட்டம் வந்தது. பாடம் கற்றவனாயிற்றே, இந்த முறை படித்தேன். படித்தும் புரியவில்லை. ஓகே சொன்னேன். ஒரு மாணவனின் முழு ரிப்போர்ட்டை எடுத்து, பிரிண்ட் கொடுத்தேன்.

பிரிண்டர் உடனே கிளம்பியது. ஒரு தாள், இன்னொரு தாள், இன்னொன்று. இத்தனை வேகத்தை அதனிடம் நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் மாமியார் மோருடன் உள்ளே வந்தார்.

"அடேங்கப்பா! இன்னா வேகம்! தம்பி, நீங்க சொன்னப்ப நான் நம்பலியே."

என் வாழ்க்கையில் அந்த அம்மாள் என்னைப் பாராட்டிய ஒரே சந்தர்ப்பம் அது. ஒரு நிமிடம் நீடித்திருக்கும். அவர் ஒரு தாளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னா பாஷை?"

"இங்கிலீஷ்ங்க," என்றேன், எட்டிப் பார்க்காமலேயே.

பெஞ்சிலிருந்த ஒருவன் எழுந்து வந்து பார்த்தான். "இங்கிலீஷ் இல்லண்ணா."

ஒவ்வொரு தாளிலும் சதவீதக் குறியும் அடைப்புக்குறியும் எண்களுமாகச் சில வரிகள். மீதி வெள்ளை. பிரிண்டருக்குப் புரியாத மொழியில் லினக்ஸ் உத்தரவுகளை அனுப்ப, பிரிண்டரோ அவை உத்தரவு என்று தெரியாமல் அவற்றையே அப்படியே அச்சடித்துக்கொண்டிருந்தது. மேலிடத்து உத்தரவைப் புரிந்துகொள்ளாமல் நகலெடுத்துச் சுற்றுக்கு விடுவது என் அலுவலகத்திலும் உள்ள நடைமுறைதான் என்பதால், எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. பிரிண்டரை அணைத்தேன். நின்றது. போட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. சூசையப்பர் வாங்கிய வேலையை முடிக்காமல் விடுகிறவர் இல்லை. கணினியை அணைத்துப் போட்டேன். அவர் எழுந்து, நினைவு வைத்திருந்து, மறுபடி ஆரம்பித்தார்.

"ண்ணா, நிறுத்து! பேப்பர் போவுது!" தங்கை கத்தியது அப்போதுதான். அது வரை அவள் கத்தி நான் கேட்டதில்லை.

"நிக்க மாட்டேங்குதும்மா!"

"ஒயரப் புடுங்கு சார்! ஒயரப் புடுங்கு!" என்றாள் அந்தப் பெண். எந்த ஒயர் என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கினேன். மின்விசிறியும் நின்றது. அந்த அமைதியில் மாமியார் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தார். மருமகளைப் பார்த்துச் சொன்னார்.

"உரக்கடைக்காரரு சாயந்திரம் வர்றேன்னு சொல்லிக்கினு இருக்காரு. வரச் சொல்றேன்."

"புதன்கிழம வரைக்கும் பொறுங்க அத்த," என்றாள் தங்கை. குரல் தணிந்துவிட்டது. "நீங்க ஈஸ்டர்னு சொன்னீங்க. புதன்கிழம தாண்டட்டும்."

அம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தாள் புதிதாக வாங்கிவிடலாம். ஆனால் பிரிண்டரின் மைப்பொடி அந்தச் சதவீதக் குறிகளோடு தீர்ந்திருந்தது. நிரப்பிக் கொடுக்கிற ஆள் விழுப்புரத்தில் ரயில் நிலையம் பக்கம் இருந்தார். மறுநாள் நான் பொடி தீர்ந்த கார்ட்ரிஜை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய், நிரப்பி, மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். இந்த முழு விவகாரத்திலும் நான் செய்த உருப்படியான வேலை இதுதான். அதிலும் திரும்பி வரும்போது பொடி கசிந்து சட்டை, கை, வியர்வை துடைத்த நெற்றி எல்லாம் கறுத்துவிட்டது. பக்கத்து இருக்கையில் ஜெபமாலையோடு இருந்த ஒரு அம்மாள் இரக்கத்தோடு சொன்னார்: "சாம்பல் புதன் போயி எம்மாம் நாளாச்சு, நெத்தியில பூசுன சாம்பல இன்னும் தொடைக்கலியா தம்பி?"

கடைக்குள் நுழைந்தபோது என் நெட்வொர்க் இல்லை. ஒயர்கள் சுருட்டப்பட்டு ஷட்டர் ஓரம் கிடந்தன. மேசைகள் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன, பெஞ்சு உள்ளே வந்திருந்தது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு ஃப்ளாப்பி, அதன் மேல் ஸ்டிக்கரில் பெயர். சூசையப்பருக்கு எதிரில் யாரும் உட்காரக் கூடாது, ஃப்ளாப்பியைச் செருகிப் பிரிண்ட் கொடுத்துவிட்டு நகர வேண்டும். கார்ட்ரிஜ் வந்ததும் தங்கை அதை வாங்கி மாட்டினாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"அந்த மெஷின்ல ஓட்ட போடுண்ணா. ஸ்பைரல் மாட்டணும்."

ஓட்டை போட்டேன். அதில் எனக்கு இயல்பான திறமை இருந்தது. சில ரிப்போர்ட்டுகளில் மட்டும் தலைகீழாகப் போட்டுவிட்டேன், அதைத் தங்கையும் அந்தப் பெண்ணும் உடனே பார்த்துத் திருத்திவிட்டார்கள்.

புதன்கிழமை காலை எல்லா ரிப்போர்ட்டும் அட்டைப்பெட்டிகளில் ஏறி மயிலம் போய்ச் சேர்ந்தன. தங்கையே கூடப் போனாள். விரிவுரையாளர் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் உங்களிடமே கொடுத்துவிடுகிறேன் என்றாராம். ஒரு மாணவனை மட்டும் தனியாகப் பாராட்டினாராம், பின்னிணைப்பில் புரோகிராம் வரிகளைத் தனித்தாளாகச் சேர்த்திருப்பவன் இவன் ஒருவன்தான் என்று. சதவீதக் குறிகள் நிறைந்த அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பைண்டிங் போட்டவன் நான்.

ஈஸ்டர் அன்று மதியம் மாமியார் வீட்டில் சாப்பாடு. தவக்காலம் முடிந்து கறி கொதித்த வாசனை தெரு வரை வந்தது. உரக்கடைக்காரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தங்கை இலை போடும்போது கை நிதானமாகவே இருந்தது, ஆனால் காது மாமியார் பக்கமே இருந்தது. எனக்கும் ஏதாவது நல்ல பெயர் கிடைக்குமா என்று பார்த்து, நானாகவே ஆரம்பித்தேன்.

"என்ன இருந்தாலும் அந்த நெட்வொர்க் மட்டும் நின்னிருந்தா, ரெண்டு நாள் முன்னாடியே முடிஞ்சிருக்கும்ங்க."

மாமியார் என் இலையில் கறி போட்டார். தாராளமாகவே போட்டார். கரண்டியை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மருமகளிடம் சொன்னார்:

"கடைய நீயே நடத்திக்க. உரக்கடைக்காரருக்கு இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன். உங்க அண்ணன மட்டும் இனிமே சாப்பாட்டுக்கு வரச் சொல்லு. வேலைக்கு வேணாம்."